பதினெட்டில் ஒன்று

நாமக்கல்
3-6-2025

அண்ணா,

நாலு வருஷம் கழிச்சு எழுதறேன். சுகமான்னு கேக்க எழுதல. நேத்து பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன், கடைப் பையன் ராசு எடுத்தான். நீ பக்கத்துலயே நிக்கிறியாம், ஆனா என்கூட வாயால பேசறதில்லைன்னு கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கியாம், வேணும்னா லெட்டர் எழுதச் சொன்னியாம். நான் சிவக்குமாரைக் கட்டிக்கிட்டதுக்கு இவ்வளவு பெரிய தண்டனை. சரி, இருந்துட்டுப் போகட்டும். இதைச் சேலம் பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் குடுத்துவிடறேன், பொழுது சாயறதுக்குள்ள உன் கைக்கு வந்துடும்.

விஷயம் இதுதான். நம்ம பிரஸ்லேர்ந்து லேபிள் வாங்கற ரத்தப் பரிசோதனை லேப்லதான் நான் இப்ப வேலை பாக்கறேன். நேத்துக் காலையில மாரக்காள்னு ஒரு அம்மா கோவமா வந்து, கையிலிருந்த போனை என் முன்னாடி மேசையில வச்சாங்க. மே 13-ந் தேதி எங்க லேப்லேர்ந்து வந்த மெசேஜ் அதுல இருந்துச்சு, இப்பத்தான் கண்ணுல பட்டுச்சாம். ரங்கன், வயது 71, தைராய்டு ரொம்ப அதிகம், உடனே டாக்டரைப் பாருங்கன்னு. "எங்க மாமனார் செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. நீங்க எங்க போய் ரத்தம் எடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க.

அந்த மெசேஜ்ல இருந்த டெஸ்ட், பிறந்த குழந்தைங்களுக்கு மட்டும் குதிகால்ல குத்தி எடுக்கிறது. அளவு நூத்தி நாப்பது. இருபதுக்குள்ள இருக்கணும். இது ஒரு பச்சைக் குழந்தையோட ரத்தம் அண்ணா. எப்படியோ ரங்கன் பேர்ல ஏறிடுச்சு.

டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். மிளகு அளவு மாத்திரை ஒண்ணை நசுக்கித் தாய்ப்பால்ல கலந்து தினம் குடுத்தாப் போதும், குழந்தை மத்தக் குழந்தைங்க மாதிரியே வளரும். ஆனா பிறந்து ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். தள்ளிப்போகப் போக மூளை வளர்ச்சி நின்னுக்கிட்டே வரும், அப்புறம் எந்த மருந்தாலயும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஏற்கெனவே மூணு வாரம் ஓடிடுச்சு.

எங்க லேப்ல ரங்கனோட பழைய நம்பர் 417326, ஆறு இலக்கம். இப்ப நீ அடிக்கிற லேபிள் எட்டு இலக்கம். கடைசி ரெண்டு இலக்கத்தை ஸ்கேனர் விழுங்கிட்டா மிச்சம் இருக்கிறது ரங்கன் நம்பர். அப்படின்னா அந்தக் குழந்தை 41732600-லேர்ந்து 41732699-க்குள்ள எங்கயோ இருக்கு. அந்த நூறு லேபிளும் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு உனக்குத்தான் தெரியும், நீதானே பொட்டலம் போட்டு நேரா அனுப்பறே. அனுப்பற நோட்டைப் பாத்து எழுதி நாளைக்கே குடுத்துவிடு.

அறிவுமதி


அயோத்தியாப்பட்டணம்
9-6-2025

அறிவுமதிக்கு,

லெட்டர் வந்துச்சு. வேலை நெருக்கடி, உடனே எழுத முடியல.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆறு இலக்கமும் வாங்கிக்கும், எட்டு இலக்கமும் வாங்கிக்கும்னு சாப்ட்வேரை வச்சிருக்கிறது உங்க லேப். ஸ்கேனரைக் கோணலாப் பிடிக்கிறது உங்க ஆளுங்க. பழி மட்டும் லேபிள் அடிச்சவன் தலையில. நான் குடுத்த லேபிள்ல எட்டு இலக்கமும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி அச்சாகியிருக்கு, எடுத்துப் பார்.

உங்க பக்கம் டியூப் இருக்குமே, அதைப் பாத்தா நம்பர் தெரியாதா? வண்டியில வரும்போதே ஆஸ்பத்திரி பேர் எழுதி வாங்கியிருக்கணும். இதையெல்லாம் விட்டுட்டு என் நோட்டைக் கேக்கிறே. அந்த மாதிரி நோட்டு எதுவும் நான் வச்சுக்கறதில்ல. நீ போனதோட அந்தப் பழக்கமும் போச்சு.

உங்க மேனேஜர் இதைப் போலீஸ் வரைக்கும் கொண்டுபோனா கடையைச் சாத்திட்டுத்தான் உக்காரணும். உன் அண்ணி ஜோதிக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேணாம். நீ பாட்டுக்கு ஊர் பூரா லெட்டர் போட்டு என்னைச் சந்தி சிரிக்க வைக்காதே. நாமக்கல் தண்ணி குடிச்சதும் சொந்த வீட்டு மேலயே சந்தேகம் வந்துடுச்சா?

செந்தமிழன்


நாமக்கல்
11-6-2025

அண்ணா,

ஆறு நாள். நான் லெட்டர் குடுத்துவிட்ட அன்னிக்கே உனக்கு வந்திருக்கு, கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டேன். நீ பதில் எழுத ஆறு நாள்.

டியூபை ஏழு நாள்தான் வச்சிருப்போம், அப்புறம் எரிக்கப் போயிடும். மாரக்காள் வந்தப்பவே அது சாம்பல். முப்பத்துநாலு ஆஸ்பத்திரி டியூபும் ஒரே டப்பாவுல கலந்துதான் வருது. குழந்தைங்க பேர் அந்தந்த ஆஸ்பத்திரி நோட்டுல இருக்கும், எங்களுக்கு நம்பர் மட்டும்தான். ரிசல்ட் தாள் ஒண்ணு அடிச்சு எல்லாருக்கும் அனுப்புவோம், அவங்கவங்க நம்பரை அவங்கவங்க பாத்துக்குவாங்க. ஒரு நம்பர் தாள்ல இல்லாட்டி யாரும் தேடறதில்ல. கெட்ட சேதின்னா போன் வரும், வராட்டி நல்லதுன்னுதான் பெத்தவங்ககிட்டயும் சொல்லியனுப்பறாங்க. அந்தத் தாய் இப்ப நிம்மதியா இருப்பா அண்ணா. அதை நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கல.

மேனேஜர்கிட்டச் சொன்னேன். ஒரே ஒரு என்ட்ரி தப்பு, அழிச்சுட்டு வேலையைப் பாருன்னாரு. மூணு ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணினேன். எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்கன்னு வச்சுட்டாங்க. நாலாவது போன் பண்றதுக்குள்ள மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு, இன்னொரு தடவை பண்ணினா வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாரு.

அதுக்கப்புறம்தான் உன் புது லேபிளை வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். நான் பிரஸ்ல இருந்தப்ப இந்த லேப்புக்கு கோட் 128-ங்கிற பார்கோடு வகையில அமைச்சுக் குடுத்தேன். அதுல கடைசியில ஒரு காவல் எண் இருக்கும், முன்னாடி வர்ற இலக்கத்தை எல்லாம் கணக்குப் போட்டு வர்ற மிச்சம். பாதி படிச்சாக் கணக்கு இடிக்கும், ஸ்கேனர் வாயே திறக்காது. நீ இப்ப அடிச்சிருக்கிறது அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற ஐ.டி.எஃப். அதுல காவல் எண் போட்டாத்தான் உண்டு, நீ போடல. சரி, அதுவாவது போகட்டும். ஐ.டி.எஃப். அடிச்சா மேலயும் கீழயும் தடிமனா ஒரு கறுப்புப் பட்டை போடணும், ஸ்கேனரோட கதிர் சாய்ஞ்சு போனா அந்தப் பட்டையில முட்டி நிக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதான். பட்டை எங்க அண்ணா?

நோட்டு இல்லைன்னு எழுதியிருக்கே. அந்த நோட்டுக்குக் கட்டம் போட்டவ நான். எந்த நம்பர்லேர்ந்து எந்த நம்பர், எந்த ஊர், எந்த பஸ், என்ன தேதின்னு. ரிப்பன் டப்பா காலியானாக்கூடத் தேதி போட்டு எழுதற ஆள் நீ.

நூறுல அறுபத்தொரு நம்பருக்கு எங்க கம்ப்யூட்டர்ல ரிசல்ட் இருக்கு. முப்பத்தொன்பதுக்கு இல்ல. அதுல பாதி இன்னும் ஒட்டாத லேபிளா இருக்கலாம். மிச்சத்துல ஒண்ணு அந்தக் குழந்தை. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். எனக்காக இல்ல.

மதி


அயோத்தியாப்பட்டணம்
16-6-2025

மதி,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது.

மார்ச் கடைசியில மெஷினோட அச்சுத் தலையில ஒரு புள்ளி செத்துப்போச்சு. லேபிள் நெடுக மயிர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்துச்சு. கோட் 128-ல கோடெல்லாம் மெலிசு, பத்துல மூணு லேபிள் படிக்கல. உங்க லேப்லேர்ந்து ரெண்டு கட்டு திரும்பி வந்துச்சு. புதுத் தலை சென்னையிலிருந்து வர ஒரு மாசம்னாங்க. அதுவரைக்கும் நிறுத்தி வைங்கன்னு உங்க லேப்ல சொல்ல எனக்கு ரோஷம். "உங்க தங்கச்சி இருந்த வரைக்கும் இப்படி ஒண்ணு திரும்பி வந்ததில்லை"ன்னு உங்க ஸ்டோர்காரர் போன்ல சொன்னாரு. அந்தப் பேச்சுதான் என்னைக் குத்துச்சு.

ஐ.டி.எஃப்.ல கோடு பருமன், ஒரு புள்ளி செத்தாலும் தாங்கும். அதனால மாத்தினேன். கோட்டை அகலமாக்கினதுல லேபிள்ல இடம் பத்தல, உயரத்தைக் குறைச்சேன். அப்பவும் பட்டைக்கு இடமில்ல, எடுத்துட்டேன். பத்து லேபிளை நானே ஸ்கேனர்ல நேராப் பிடிச்சுப் பாத்தேன், பத்தும் படிச்சுது. ஆஸ்பத்திரியில நர்ஸ் அவசரத்துல டியூப்ல கோணலா ஒட்டுவான்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும். இருவது வருஷமா இதே வேலை பாக்கறவனுக்குத் தோணியிருக்கணும்.

நோட்டு இருந்துச்சு. உன் முதல் லெட்டரைப் படிச்ச அன்னிக்கே ஏப்ரல், மே பக்கத்தை எல்லாம் கிழிச்சுக் கழிவுக் காகிதத்தோட போட்டுக் கொளுத்திட்டேன். போலீஸ் வந்தா எது எங்க போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு நினைச்சேன். கொளுத்தும்போது குழந்தை நினைப்பே வரல. கேஸ் நினைப்புதான் வந்துச்சு. இதை எழுத எனக்கு வெக்கமா இருக்கு.

ஜோதிகிட்ட நேத்துச் சொன்னேன். எழுந்து உள்ள போனவ இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசல.

மெஷினை நிறுத்திட்டேன். இன்னும் என்ன செய்யணும்னு சொல்லு.

செந்தமிழன்


நாமக்கல்
17-6-2025

அண்ணா,

உன்னைத் திட்ட எனக்கு இப்ப நேரமில்ல. திட்டறதுக்கு ஆயுசு பூரா இருக்கு.

இதைப் போன்ல சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷம். 2-ந் தேதி நான் போன் போட்டப்பவே நீ வாயைத் திறந்திருந்தா நோட்டு சாம்பலாகியிருக்காது. சாமி முன்னாடி பண்ணின சத்தியத்தைக் காப்பாத்தினே, நல்லது. அந்தக் குழந்தைக்கு இன்னிக்கு அஞ்சு வாரம் தாண்டிடுச்சு.

இப்பச் செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பொட்டலம் எல்லாம் பஸ் பார்சல் ஆபீஸ் வழியாப் போயிருக்கும், அவங்ககிட்ட ரசீது நகல் இருக்கும். ராசுவைக் கூட்டிக்கிட்டு நீயே நேர்ல போ. அவன்தான் ஏத்திவிடுவான், அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

ரெண்டாவது, எல்லா நம்பரும் இப்படி உடையாது. உடைஞ்சிருந்தா லேப்ல தினம் நூறு பேர் சண்டைக்கு வந்திருப்பாங்க. ஏதோ சில ஜோடி இலக்கம் வந்தாத்தான் ஸ்கேனர் பாதியிலேயே முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குது. எந்த ஜோடின்னு கோட்டைப் பாத்துச் சொல்ல உன்னால முடியும். பத்து இலக்கத்துக்கும் தடி எது மெலிசு எதுன்னு உனக்கு மனப்பாடம். உக்காந்து கணக்குப் போடு.

இன்னொண்ணு என் மனசை அரிக்குது. ரங்கன் செத்துட்டதால இது வெளிய வந்துச்சு. உயிரோட இருக்கற ஆள் நம்பரா இருந்திருந்தா, ஏதோ தைராய்டாம்னு அவரே மாத்திரை வாங்கி முழுங்கியிருப்பாரு. அப்படி எத்தனை பேர் முழுங்கிட்டு இருக்காங்கன்னு தெரியாது.

மதி


அயோத்தியாப்பட்டணம்
22-6-2025

மதி,

கணக்கு கிடைச்சிடுச்சு. நிதானமாப் படி.

ஐ.டி.எஃப்.ல இலக்கம் ஜோடி ஜோடியாப் பின்னி வரும். ஜோடியில முதல் இலக்கம் கறுப்புக் கோட்டுல, ரெண்டாவது இலக்கம் நடுவுல இருக்கற வெள்ளையில. கடைசியில முடிஞ்சுதுன்னு சொல்ற குறி ஒரு தடிக் கறுப்பு, ஒரு மெலிசு வெள்ளை, ஒரு மெலிசுக் கறுப்பு, அவ்வளவுதான். ஆறாவது இலக்கத்துக்கு அப்புறம் வர்ற ஜோடி தற்செயலா அதே மாதிரி ஆரம்பிச்சு, அந்த இடத்துல கதிரும் சாய்ஞ்சு லேபிளோட மேல் வெள்ளைக்குத் தப்பிச்சுப் போச்சுன்னா, ஸ்கேனர் முடிஞ்சுதுன்னு பீப் அடிச்சுடும். பட்டை இருந்திருந்தா தப்பிச்சிருக்காது.

அப்படித் தடியில ஆரம்பிச்சு அடுத்த கறுப்பு மெலிசா வர்ற இலக்கம் மூணுதான். 1, 5, 8. ஏழாவது இலக்கம் இதுல ஒண்ணா இருக்கணும். வெள்ளை மெலிசா ஆரம்பிக்கிற இலக்கம் 0, 2, 4, 6, 7, 9. எட்டாவது இதுல ஒண்ணா இருக்கணும். மூணு ஆறு பதினெட்டு. நூறு இல்ல மதி, பதினெட்டே பதினெட்டு. உன் ரிசல்ட்டோட ஒப்பிட்டுப் பார், இன்னும் குறையும்.

பார்சல் ஆபீஸ்ல நாலு நாள் உக்காந்து ரசீதைப் புரட்டினோம். இருவத்தஞ்சு இருவத்தஞ்சாப் பொட்டலம். 10-லேர்ந்து 19 வரைக்கும் உள்ள பத்து வரிசை சேந்தமங்கலத்துக்குப் போயிருக்கு. அம்பது வரிசை இளம்பிள்ளை. எண்பது வரிசை இங்க ஆத்தூர் ரோட்டுலயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மூணு ஆஸ்பத்திரி அட்ரஸும் பின்பக்கம் எழுதியிருக்கேன். ஆத்தூர் ரோட்டுக்கு நானே போனேன். அவங்ககிட்ட எண்பது வரிசையில ரெண்டு லேபிள் ஒட்டாம மிச்சம் இருக்கு, 80, 89. மத்ததெல்லாம் ஒட்டியாச்சு.

ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் நாலாயிரம் லேபிள் போயிருக்கு. முப்பத்துநாலு ஆஸ்பத்திரிக்கும் நானே கையெழுத்துப் போட்டுக் கடுதாசி அனுப்பிட்டேன், தப்பு என் பிரஸ் மேலன்னு. உங்க மேனேஜருக்கும் ஒண்ணு. அவர் என்ன பண்ணினாலும் பண்ணட்டும்.

குழந்தை கிடைச்சா எழுது. கிடைக்கலைன்னாலும் எழுது.

அண்ணன்


இளம்பிள்ளை
26-6-2025

அண்ணா,

இளம்பிள்ளை பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதறேன். மடியில வச்சு எழுதறதால எழுத்து கோணலா இருந்தாப் பொறுத்துக்கோ.

உன் பதினெட்டுல பதிமூணுக்கு ரிசல்ட் இருந்துச்சு. மிச்சம் அஞ்சு. 80, 89 ஒட்டாத லேபிள்னு நீயே பாத்துட்டே. சேந்தமங்கலத்துல 17-ஐ நோட்டு அட்டையில ஒட்டி வீணாக்கியிருந்தாங்க. இங்க 52 கிழிஞ்சு குப்பைக்குப் போச்சாம். 56-க்கு நேரா ஒரு பேர் இருந்துச்சு. தாய் தனப்பிரியா, பெண் குழந்தை, மே 10.

நானும் சிவக்குமாரும் காலையிலயே அந்த வீட்டைத் தேடிப் போயிட்டோம். முன்னாடி தறி, பின்னாடி வீடு. தனப்பிரியாங்கிற அந்தப் பொண்ணுக்கு இருவத்தொரு வயசு இருக்கும். தறியை நிறுத்தாம என்னை உள்ள கூப்பிட்டுச்சு. ஓடுற தறிக்கு நாலடி தள்ளித் தூளி. அந்தச் சத்தத்துல நாங்க பேசினது எங்களுக்கே கேக்கல. குழந்தை அசையாமத் தூங்குது.

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கோம், குழந்தை எப்படி இருக்குதுன்னேன். தறியை நிறுத்திட்டு, பெருமையாச் சொல்லுச்சு. "தங்கமுங்க எம் புள்ள. பக்கத்து ஊட்டுதெல்லாம் ராப்பகலாக் கத்துது. இது அழுவறதே இல்லீங்க. பாலுக்குக்கூட நாந்தான் எழுப்போணும். இந்த மாதிரி ஒரு புள்ள கெடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் குழந்தையைத் தூக்கினேன். ஏழு வாரக் குழந்தை அண்ணா, ஈரத்துணி மாதிரி கையில தொங்குது. உடம்பு சில்லுன்னு இருக்கு, தோலு வறண்டு கிடக்கு, நாக்கு வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு, கண்ணுல இன்னும் மஞ்சள் போகல. டாக்டரம்மா எனக்குச் சொன்ன அடையாளம் ஒண்ணு விடாம இருந்துச்சு. அழாம இருக்கிறதும் அதுல ஒண்ணு.

அப்படியே தாயையும் குழந்தையையும் சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். டாக்டர் கையால பேர் எழுதி ரத்தம் எடுத்தாரு. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம முதல் மாத்திரையை அங்கயே நசுக்கிக் குடுக்கச் சொன்னாரு. எவ்வளவு போயிருக்கு, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நான் தனியாக் கேட்டேன். இப்பச் சொல்ல முடியாது, நடக்கற வயசுல, பேசற வயசுல பாத்துத்தான் சொல்ல முடியும்னாரு. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சாரு, என் மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திட்டாரு. மே 13 முதல் ஜூன் 2 வரைக்கும் லேப் கணக்கு. அதுக்கப்புறம் உள்ள இருபத்துநாலு நாள் உனக்கும் எனக்கும். நானும் 3-ந் தேதியே பஸ் ஏறி உன் கடை வாசல்ல வந்து நின்னிருக்கணும். எனக்கும் ரோஷம் இருந்துச்சு.

திரும்பக் கொண்டுவந்து வீட்டுல விட்டோம். லேபிள் தப்பு, நோட்டு எரிஞ்சது எல்லாத்தையும் ஒண்ணு விடாம அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன், உன் பேரையும் சொன்னேன். எவ்வளவு புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. நாங்க கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, மாத்திரை குடுத்தா என்ன ஆகும்னு கேட்டுச்சு.

சுறுசுறுப்பா ஆயிடும், மத்தக் குழந்தைங்க மாதிரி பசிச்சா அழும்னு சொன்னேன்.

"ஐயோ, அழுவுதுன்னா நான் எப்புடீங்க தறி ஓட்டறது?"ன்னு சிரிச்சுச்சு.

மதி